மறைத்து வாழ்ந்ததை வாக்குமூலமாக எழுதியபோது

நான் யாழ்ப்பாணம் வடமராட்சியைச் சேர்ந்தவள். பெண்களை நேசிக்கும் பெண். அந்தக் காரணத்தைச் சொல்லி 2017 இல் லண்டனில் தஞ்சம் கேட்டேன். முதல் முடிவு மறுப்பாக வந்தது. மேன்முறையீட்டில் நீதிபதி ஏற்றுக்கொண்டார். இப்போது நிரந்தர வதிவிட உரிமையோடு இருக்கிறேன். என் பெயரை இங்கே எழுதவில்லை. ஊரில் தங்கை இருக்கிறாள், அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்னால் அவளுடைய வாழ்க்கையில் யாரும் கை வைக்கக் கூடாது.

எழுதுவதற்குக் காரணம், எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள்தான். தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று இலக்கம் கைமாறி, இரவில் யாராவது எடுப்பார்கள். சிலர் மாணவர் விசாவில் வந்தவர்கள், சிலர் இன்னும் ஊரில் இருப்பவர்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அக்கா, என்ன புரூஃப் காட்டவேணும்?" படங்கள், வீடியோக்கள், யாரோடாவது சேர்ந்து இருந்ததற்கான சாட்சி என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

நான் சொல்வது இதுதான். இந்த வழக்கில் மிகப் பெரிய சாட்சி நீங்கள் கொடுக்கும் வாக்குமூலம். பெற்ற தாய்க்கும் தெரியக்கூடாது என்று வருடக்கணக்காகப் பூட்டி வைத்ததை, முன்பின் தெரியாத ஒரு அதிகாரிக்கு முன்னால், ஒழுங்காக, முரண் இல்லாமல், வெட்கம் தொண்டையை அடைக்காமல் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு எங்களை யாரும் பழக்கவில்லை. அந்தப் பழக்கத்தை நேர்காணலுக்கு முன்பே தேடிக்கொள்ள வேண்டும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் பிரித்தானியர் கொண்டுவந்தது. அதன் 365 ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறான" உறவுக்குப் பத்து வருடம் வரை சிறை என்கிறது. 365அ பிரிவு இரண்டு வருடம் வரை. இந்த இரண்டாவது பிரிவு முதலில் ஆண்களை மட்டுமே குறித்தது. 1995 இல் திருத்தியபோது அதை நீக்குவதற்குப் பதிலாக "ஆண்கள்" என்ற இடத்தில் "ஆட்கள்" என்று மாற்றி, பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். 2022 மார்ச்சில் ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு, கொழும்பில் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பை நிறுவிய ரோசன்னா பிளேமர் கல்தேரா கொடுத்த முறைப்பாட்டில், இந்தச் சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகிறது என்று முடிவு சொன்னது. 2023 மே மாதம் இலங்கை உயர் நீதிமன்றம், இந்தப் பிரிவுகளை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்றது. ஆனால் அந்த மசோதா சட்டமாகவில்லை.

சரி, சட்டம் எங்களைக் குற்றவாளி என்கிறது, அதுவே போதும்தானே என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 2013 இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், சட்டப் புத்தகத்தில் குற்றம் என்று இருப்பது மட்டும் துன்புறுத்தல் ஆகாது, அந்தச் சிறைத்தண்டனை நடைமுறையில் கொடுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. பிரித்தானியாவில் இலங்கை பற்றியே ஒரு வழிகாட்டித் தீர்ப்பு 2015 இல் வந்தது. அதன்படி இலங்கையில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் அகதிகள் சாசனம் சொல்லும் "குறிப்பிட்ட சமூகக் குழு" ஒன்றில் சேர்கிறார்கள். ஆனால் பொதுவாக அவர்கள் நடத்தப்படும் விதம் துன்புறுத்தல் என்ற அளவை எட்டவில்லை, சொந்த ஊரில் ஆபத்து என்றால் கொழும்புக்குப் போய் இருக்கக்கூடும், ஒவ்வொருவருடைய நிலைமையையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதே தீர்ப்பில் இன்னொரு வரி இருக்கிறது: கிராமப்புறங்களில் கலியாணமாகாத பெண்கள் மேல் குடும்பங்கள் வைத்திருக்கும் கட்டுப்பாட்டால், பெண்களை நேசிக்கும் பெண்களுக்கும் இருபாலீர்ப்புள்ள பெண்களுக்கும் ஆபத்து அதிகம். என் வழக்கு நின்றது அந்த வரியின் மேல்தான். ஆகவே இலங்கையில் எல்லோருக்கும் கஷ்டம் என்று எழுதிக் கொடுத்துப் பயனில்லை. உங்களுக்கு, உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் என்ன நடந்தது, திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்பதுதான் வழக்கு.

எனக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ரியூட்டரியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே படிப்பித்த இன்னொருத்தியும் நானும் நேசித்தோம். அண்ணன் என் போனில் செய்திகளைப் பார்த்துவிட்டான். அடித்தான். மாதக்கணக்காக வளவுக்கு வெளியே விடவில்லை. அம்மா ஒரு பூசாரியைக் கூட்டிவந்து நூல் கட்டுவித்தார். அவளை அவளுடைய வீட்டார் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், அதன் பிறகு அவளோடு நான் பேசவே இல்லை. ஒருநாள் தப்பிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அண்ணனுக்கே போன் எடுத்து, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். எனக்கு சுவிஸில் இருந்த ஒருவரைப் பேசினார்கள். நான் சாப்பிடாமல் கிடந்து மறுத்தேன். கடைசியில் லண்டன் மாமா ஒருவர், படிக்க அனுப்பினால் மாறிவிடுவாள் என்று சொல்லி வழி திறந்தார். 2013 இல் வந்தேன். இங்கேயும் கலியாணப் பேச்சு விடவில்லை. மறுக்க மறுக்க அண்ணன் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்திகளில், ஊருக்கு வந்தால் உயிரோடு விடமாட்டேன் என்று சொன்னது இருந்தது. மாணவர் விசா முடியும் நேரமும் நெருங்கியது.

பலருடைய வழக்கு சட்டத்தரணி அலுவலகத்திலேயே கெட்டுப்போகிறது. நான் முதலில் போன இடம் ஈஸ்ட் ஹாம் பக்கம் தமிழர்கள் நடத்தும் ஓர் அலுவலகம். மேசையில் இருந்தவர் என் கதையைப் பாதியிலேயே நிறுத்தி, "பிள்ளை, இது எடுபடாது. இயக்கத்துக்குச் சாப்பாடு குடுத்தனீர், ஆமி பிடிச்சது எண்டு போடுவம். பேரும் கெடாது" என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். நான் எழுந்து வந்துவிட்டேன். யாராவது உங்களுக்கு இப்படிச் சொன்னால் நீங்களும் எழுந்து வாருங்கள். பொய்க் கதையில் முரண்கள் வெளிவந்தே தீரும். பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னால், முதல் கதை தோற்றதால் கண்டுபிடித்த கதை என்பார்கள். அதோடு, தடுப்பில் உண்மையாகவே சித்திரவதைப்பட்டு வந்த எங்கள் ஆட்களின் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பையும் அது தின்றுவிடுகிறது. இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் வருமானம் குறைந்தவர்களுக்குத் தஞ்ச வழக்கில் லீகல் எய்ட் உண்டு, அதாவது சட்டத்தரணிக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. சட்டத்தரணி அல்லாத ஆலோசகர் என்றால், குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். 2025 ஜனவரி வரை அதற்கு ஓ.ஐ.எஸ்.சி. என்று பெயர். நான் ரெயின்போ மைகிரேஷன் என்ற அமைப்பைத் தேடிப் போனேன். அப்போது அதற்கு வேறு பெயர். 1993 முதல் எங்களைப் போன்றவர்களுக்காகவே இயங்கிவருகிறது. அங்கேதான் இந்த வகை வழக்குகள் செய்து பழகிய சட்டத்தரணிகளின் விபரம் கிடைத்தது. தங்க இடமில்லாதவர்களுக்கு மைக்ரோ ரெயின்போ பாதுகாப்பான வீடுகள் நடத்துகிறது. மற்ற அகதிகளோடு ஒரே அறையில் போட்டால் அங்கேயும் அடி விழும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கோரிக்கையைப் பதிய குரொய்டனில் உள்துறை அமைச்சின் அலுவலகமான லூனர் ஹவுசுக்குப் போனேன். முதல் நேர்காணல் சுருக்கமானது: எப்படி வந்தீர்கள், குடும்பம் யார், ஏன் திரும்ப முடியாது. சுற்றிவர ஆட்கள் இருக்கும் இடத்தில் காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், எங்கள் ஊர் முகம் ஏதாவது தெரிந்தால் இன்னும் மோசம். தனியாகப் பேச இடம் கேட்கலாம். ஒரு வரி சொன்னாலும் உண்மையான காரணத்தை அன்றே பதிவில் வரச் செய்யுங்கள். பெரிய நேர்காணலுக்குப் பெண் அதிகாரி, பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதற்கான இடமும் அதுதான்.

ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். 2004 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 8 ஆம் பிரிவின்படி, தாமதமாகக் கேட்பது உங்கள் நம்பகத்தன்மையைக் குறைக்கும். ஆனால் தன் பாலீர்ப்பை முதல் வாய்ப்பிலேயே சொல்லவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒருவரை நம்ப மறுக்கக் கூடாது என்று அதே ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. என்னுடைய பதில் எளிமையானது. விசா இருக்கும்வரை யாரும் என்னைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. இதற்காகத் தஞ்சம் கேட்க முடியும் என்றே எனக்குத் தெரியாது. இங்கே நான் இருந்ததும் மாமா வீட்டில். தாமதத்துக்கு உங்களிடம் காரணம் கட்டாயம் இருக்கும், அதை விரிவாக எழுதுங்கள்.

இனி வாக்குமூலம். என் சட்டத்தரணி முதல் சந்திப்பில் கேட்டது, "மற்றப் பிள்ளைகள் மாதிரி நான் இல்லை என்று உனக்கு எப்போது தோன்றியது?" எனக்குப் பதில் வரவில்லை. அடித்தது, பூட்டியது, பூசாரி, இவையெல்லாம் சரளமாக வந்தன. எனக்குள் நடந்தது வரவில்லை. இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்கள் பலர் சறுக்குகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதிகாரிகள் நம்ப மறுப்பது பெரும்பாலும் அடியையோ பூட்டையோ அல்ல. நீங்கள் உண்மையில் இப்படிப்பட்டவர்தானா என்பதைத்தான்.

இதற்கு ஒரு முறை இருக்கிறது. எஸ். செல்வன் என்ற பிரித்தானியத் தமிழ் வழக்கறிஞர் 2011 இல் வகுத்தது. தான் மற்றவர்களிலிருந்து வேறு என்ற உணர்வு, அதனால் வந்த களங்கம், அது உண்டாக்கிய வெட்கம், கடைசியாகத் தீங்கு என்று நான்கு படிகளில் ஒருவருடைய கதையைக் கேட்பது. ஐ.நா. அகதிகள் முகவரகம் 2012 அக்டோபரில் வெளியிட்ட 9 ஆம் இலக்க வழிகாட்டியும் இதே வழியில் கேட்கச் சொல்கிறது. கட்டிலறையைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக ஒரு வாழ்க்கையைப் பற்றிக் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு தலைப்பையும் ஒரு தாளில் எழுதி, சட்டத்தரணியிடம் போவதற்கு முன்பே நீங்களாக யோசித்துப் பாருங்கள்.

நான் ஒரு கொப்பி வாங்கி, இரவில் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் யோசித்தால் படிவத்துக்குப் பதில் எழுதுவது போல வந்தது. தமிழில் எழுதியபோதுதான் வகுப்பில் முன்வாங்கில் இருந்தவளின் பின்னல், சந்நிதித் திருவிழாவில் கூட்டத்தில் அவள் கையைப் பிடித்தபோது மனம் படபடத்தது, மற்றப் பிள்ளைகள் பெடியன்களைப் பற்றிக் கதைக்கும்போது நானும் ஒரு பெயரை இட்டுக்கட்டிச் சொன்னது எல்லாம் வெளியே வந்தன. விரதம் பிடித்து அம்மனிடம் என்னை மாற்றிவிடு என்று கேட்டதும் வந்தது. மதத்தையும் உங்கள் உணர்வையும் எப்படிச் சேர்த்து வைத்தீர்கள் என்று நேர்காணலில் கேட்பது வழக்கம். நான் அந்த விரதத்தைச் சொன்னேன்.

திகதிகளை இட்டுக்கட்ட வேண்டாம். வாக்குமூலத்தில் ஒரு மாதம், நேர்காணலில் இன்னொரு மாதம் என்று வந்தால் அதை வைத்தே மறுப்பார்கள். எங்கள் தலைமுறைக்கு நினைவைக் கட்டி வைக்க நிறைய முளைகள் இருக்கின்றன. 1995 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டியது, 2009. நான் "சுனாமிக்குப் பிந்தின தைப்பொங்கல்" என்றும் "பாதை பூட்டி உயர்தரச் சோதனை குழம்பின நேரம்" என்றும் எழுதினேன். சட்டத்தரணி அவற்றுக்குப் பக்கத்தில் வருடத்தைப் போட்டார். தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். சரியான திகதி நினைவில்லாத மனிதர்தான் சாதாரண மனிதர்.

அப்புறம் படங்களும் வீடியோக்களும். 2014 டிசம்பரில் வந்த அதே தீர்ப்பு, ஒருவருடைய பாலீர்ப்பை நிறுவ அந்தரங்கமான காட்சிகளையோ உடல் ரீதியான "சோதனைகளையோ" ஏற்கக் கூடாது, உடலுறவு விபரங்களைக் கேட்கவும் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. 2018 ஜனவரியில் உளவியல் பரீட்சை வைத்துப் பாலீர்ப்பைத் தீர்மானிப்பதும் கூடாது என்றார்கள். அதனால் யார் கேட்டாலும் அப்படி எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். முக்கியமாக, உதவி செய்கிறேன் என்று சொல்லும் இடைத்தரகர்களுக்குக் கொடுக்காதீர்கள், அதை வைத்து மிரட்டிக் காசு பறிப்பார்கள். அண்ணனின் குரல் செய்திகள், கலியாணம் பேசிய செய்திகள், தங்கை ரகசியமாக அனுப்பிய இரண்டு வரிகள், நண்பர்கள் எழுதிய கடிதங்கள், உளவியலாளர் எழுதிய அறிக்கை: நான் கொடுத்தவை இவ்வளவுதான். குரல் செய்திகளைத் திகதியோடு சேமித்து, தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு மொழிபெயர்க்க வைத்தோம். உடலில் சித்திரவதைத் தழும்புகள் உள்ளவர்களுக்கு ஃபிரீடம் ஃப்ரொம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் நிறுவனம் போன்ற இடங்கள் மருத்துவ-சட்ட அறிக்கை எழுதுகின்றன. வரிசை நீளம், அதனால் சட்டத்தரணி மூலம் நேரத்தோடு கேளுங்கள்.

பெரிய நேர்காணல் பல மணித்தியாலம் போனது. மொழிபெயர்க்க வந்த அக்கா எங்கள் ஆள்தான். நான் நீளமாகச் சொன்னதை அவர் சுருக்கிக்கொண்டே வந்தார், அவளோடு எனக்கு இருந்த நெருக்கத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் பாதியை விட்டார். கூச்சம்தான் காரணம், வேறு கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு ஓரளவு ஆங்கிலம் தெரிந்ததால் நிறுத்தி, "அக்கா, நான் சொன்ன முழுவதையும் சொல்லுங்கோ" என்றேன், அதிகாரியிடமும் சொன்னேன். அது பதிவில் வந்தது. ஆங்கிலம் தெரியாதவர்கள், நேர்காணலை ஒலிப்பதிவு செய்யச் சொல்லி, பதிவையும் எழுத்துப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். சட்டத்தரணி அதைத் தமிழ் தெரிந்த ஒருவரோடு ஒப்பிட்டு, முடிவு வருவதற்கு முன் திருத்தம் அனுப்பலாம். மொழிபெயர்ப்பாளர் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவருடைய கடமை. அதை நேர்காணல் தொடங்கும்போதே அதிகாரியிடம் உரக்கக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். அப்படிக் கேட்டது எனக்கு நிறையத் தைரியம் தந்தது.

கடைசிப் பகுதியில் ஒரு கேள்வி வரும். "ஊருக்குத் திரும்பினால் எப்படி வாழ்வீர்கள்?" சாதாரணமாகக் கேட்கிற மாதிரித்தான் இருக்கும். வழக்கு முழுக்க இதில் தங்கியிருக்கிறது. 2010 ஜூலையில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், ஈரானையும் கமரூனையும் சேர்ந்த இரண்டு ஆண்களின் வழக்கில், மறைத்து வாழ்ந்தால் ஆபத்தில்லை என்று சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் அதில் ஒரு பிரிப்பு இருக்கிறது. துன்புறுத்தலுக்குப் பயந்து மறைத்து வாழ்வீர்கள் என்றால் நீங்கள் அகதி. குடும்ப மானத்துக்காகவோ, பெற்றோர் மனம் நோகக் கூடாது என்றோ மட்டும் மறைப்பீர்கள் என்றால் அகதி இல்லை.

எங்கள் ஆட்களிடம் கேட்டால் முதலில் வருவது என்ன? "அம்மா அப்பாவின்ர மானம் போயிடும்." அது உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை. மானம் போனால் என்ன நடக்கும் என்று ஒரு படி கீழே இறங்கிப் பாருங்கள். எனக்கு அங்கே அண்ணனின் கை இருந்தது, பூட்டிய அறை இருந்தது, விருப்பமில்லாத கலியாணத்துக்குப் பிறகு தினம் தினம் நடக்கப்போகும் பலாத்காரம் இருந்தது. பயம் அடியில் கிடக்கிறது, அதற்கு மேல் மானம் என்ற போர்வையைப் போட்டுப் பழகிவிட்டோம். இல்லாத பயத்தைச் சொல்லச் சொல்லவில்லை. இருக்கும் பயத்தை மரியாதைக்காக விழுங்காதீர்கள் என்கிறேன்.

மறுப்புக் கடிதம் 2018 இல் வந்தது. நான் பெண்களை நேசிப்பவள் என்பதை ஏற்கவில்லை, ஏற்றாலும் கொழும்பில் போய் வாழலாம் என்று எழுதியிருந்தது. கடிதத்தை வாசித்த இரவு எப்படிப் போனது என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் நாட்டுக்குள் இருந்து மேன்முறையீடு செய்ய 14 நாட்கள்தான் இருக்கின்றன, அந்தக் கடிகாரம் உங்கள் துக்கத்துக்காக நிற்காது. கடிதம் கிடைத்த அன்றே சட்டத்தரணிக்குப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மேன்முறையீட்டுக்கு நாங்கள் அதிகம் உழைத்தது கொழும்பு என்ற கேள்விக்குத்தான். தமிழ் வாசகருக்குச் சொல்லத் தேவையில்லாத விடயங்களையெல்லாம் லண்டன் நீதிபதிக்கு ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருந்தது. தனியாக இருக்கும் வடக்குத் தமிழ்ப் பெண்ணுக்கு வீடு கொடுப்பவர் முதலில் கேட்பது "ஆற்ற பிள்ளை, எந்த ஊர்?" என்பதை. அடையாள அட்டைக்கும் வாக்காளர் பதிவுக்கும் விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போக வேண்டும் என்பதை, அவரோ ஊர் விபரம் எல்லாம் கேட்பார் என்பதை. வெள்ளவத்தையில் எங்கள் ஊர்ச் சனம் எவ்வளவு, அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை எந்த ஒழுங்கையில் இருக்கிறார், அண்ணன் வேலை விடயமாகக் கொழும்புக்கு எத்தனை தரம் போய்வருவான் என்பதை. எனக்குச் சிங்களம் தெரியாது. பொலிஸிடம் போனபோது நடந்ததையும் இதோடு சேர்த்தோம். அது ஒரு அலுவலரின் குணம் என்று தள்ளிவிட முடியாது. சட்டமே என்னைக் குற்றவாளி என்று சொல்லும்போது, என்னை அடிப்பவனுக்கு எதிராக நான் எந்த நம்பிக்கையில் முறைப்பாடு கொடுப்பேன்? 365 ஆம் பிரிவு உயிரோடு இருப்பதால் வரும் உண்மையான கேடு அதுதான். ஆட்களை நேரடியாகச் சிறைக்கு அனுப்புவதைவிட, அடிக்கிற குடும்பத்துக்கு அது தைரியம் கொடுக்கிறது.

மேன்முறையீட்டு விசாரணை டெய்லர் ஹவுஸ் என்ற லண்டன் தீர்ப்பாயத்தில் நடந்தது. என்னோடு ஒரே வீட்டில் அறை எடுத்திருந்த தமிழ் அக்கா ஒருவர் சாட்சிக்கு வந்தார். கலியாணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ளவர், கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர். என்னைப் பற்றித் தனக்கு எப்படித் தெரியவந்தது, தெரிந்தபோது தனக்கு என்ன தோன்றியது, முதலில் பிடிக்காமல் இருந்தது, பிறகு எப்படி ஏற்றுக்கொண்டார் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். எதிர்த்தரப்பு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அமைதியாகப் பதில் சொன்னார். தீர்ப்பில் நீதிபதி அவருடைய சாட்சியத்துக்கு அதிக எடை கொடுத்திருந்தார். அவருக்கு நான் பட்ட கடன் தீராது. சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்று யோசிப்பவர்கள், உங்களைப் புகழ்பவரைவிட உங்களை உள்ளபடி அறிந்தவரைத் தேடுங்கள். பெயர் வெளியே வருமே என்ற பயம் இருந்தால், பெயரை மறைக்கும் உத்தரவைக் கேட்கலாம். நாங்கள் கேட்டோம், கிடைத்தது.

என் வழக்கு நடந்த காலத்தில், நான் சொல்வது உண்மையாக இருக்க "நியாயமான அளவு சாத்தியம்" இருந்தால் போதும். 2022 ஜூன் 28 முதல் பதிந்த கோரிக்கைகளுக்குச் சட்டம் கடினமாகிவிட்டது. நீங்கள் சொல்லும் அடையாளம் உண்மை, உங்கள் பயமும் உண்மை என்பதை "இல்லை என்பதைவிட ஆம் என்பதே அதிகம்" என்ற அளவுக்கு முதலில் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் ஆபத்தைப் பழைய அளவுகோலால் பார்ப்பார்கள். வாக்குமூலத்துக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கச் சொல்வது இதனாலும்தான்.

எங்கள் ஆதரவுக் குழுவில் ஒரு திருநங்கைத் தங்கச்சி இருக்கிறாள். அவளுடைய வழக்கு என்னுடையதிலிருந்து நிறைய வேறுபட்டது. இலங்கையில் 2016 முதல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைப்படி பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று அடையாள ஆவணங்களை மாற்றலாம். அதனால் உங்களுக்கு அங்கேயே அங்கீகாரம் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஆனால் அதே நாட்டில் 399 ஆம் பிரிவு, ஆள்மாறாட்ட ஏமாற்று என்ற பெயரில், அவளைப் போன்றவர்கள் மேல் பாய்கிறது. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் பொலிஸார் தெருவில் அவர்கள்மேல் பாவிக்கிறார்கள். அவளுடைய சட்டத்தரணி இந்த இரண்டையும் சேர்த்தே வாதாடினார். பதியும்போதே எந்தப் பெயரில், எந்தப் பாலினத்தில் அழைக்கப்பட வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். தங்குமிடம் தரும்போது அது முக்கியமாகியது.

அகதி அந்தஸ்து கிடைத்தபின் வரும் அங்கீகாரம் தனி விடயம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 மார்ச் முதல் ஒரே பாலினத்தவர் சட்டப்படி கலியாணம் செய்யலாம், ஸ்கொட்லாந்தில் அதே வருடம் டிசம்பரிலிருந்து, வட அயர்லாந்தில் 2020 ஜனவரியிலிருந்து. ஆனால் துணை ஊரில் இருந்தால்? எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு மட்டக்களப்பில் துணை இருக்கிறார். அகதிகளின் குடும்ப ஒன்றிணைப்பு வழியில் கூப்பிடலாம் என்று இருந்தார்கள். அதற்கான புதிய விண்ணப்பங்களை 2025 செப்டம்பர் 4 முதல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மிஞ்சியது சாதாரணத் துணைவர் விசா. அதற்கு வருட வருமானம் 29,000 பவுண்ஸ் காட்ட வேண்டும். கலியாணம் செய்யப்போகிறவர் என்று கூப்பிட்டால், வந்து ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்றும் விதி. ஊரில் ஒரு கூரையின் கீழ் வாழவே முடியாத இருவர், தங்கள் உறவைக் காட்டக் கூட்டு வங்கிக் கணக்கையும் வாடகை ஒப்பந்தத்தையும் எங்கே எடுப்பார்கள்? ஆகவே பிரிந்திருக்கும் துணைகள் வட்ஸ்அப் அழைப்புப் பதிவு, அனுப்பிய காசின் ரசீது, ஒன்றாகப் பயணம் செய்த டிக்கெட் என்று எதையும் எறியாமல் வையுங்கள். இலங்கையில் இருப்பவரின் போனில் வைக்காதீர்கள். இங்கே இருப்பவர் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்கட்டும்.

விதிகள் இப்போது அடிக்கடி மாறுகின்றன. அகதி அந்தஸ்தின் காலத்தைக் குறைத்து, நிரந்தர வதிவிடத்துக்கான காத்திருப்பை நீட்டும் திட்டத்தை அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. என் காலத்தில் ஐந்து வருட விசா கிடைத்தது, அது முடிய நிரந்தர வதிவிடம். உங்களுக்கு அப்படியே இருக்கும் என்று எண்ணி எதையும் தள்ளிப்போடாமல், இன்றைய விதி என்ன என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். மட்டக்களப்புத் தம்பி இப்போது இரண்டு வேலை செய்கிறார், அந்த 29,000 ஐத் தொட. சம்பளத் துண்டுகளை மாதம் மாதம் ஒரு கோப்பில் போட்டு வைக்கிறார்.